தேய்மானம் என்னும் செலவு

வணிகவியல் பயின்ற காலத்தில் ‘தேய்மானம்’ என்பதை ஒரு கணக்குப் பதிவாகவே நான் அறிந்திருந்தேன். சொத்தின் மதிப்பில் ஆண்டுதோறும் ஒரு பகுதியைக் கழித்து எழுதுவோம், அத்துடன் முடிந்தது. அச்சொல்லின் நேர்ப்பொருளை எனக்குக் காட்டியவர் எமது கிளையின் வாடிக்கையாளர் ஒருவர்.

வீடு வீடாகப் பொருள்களைக் கொண்டுசேர்ப்பது அவர் பணி. கடனில் வாங்கிய மோட்டார் சைக்கிளே அவருடைய பிழைப்பு. தவறாது தவணை செலுத்தி வந்தவர் ஒரு மாதம் தாமதித்தார். காரணம் கேட்டபோது, பையிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் பற்சக்கரம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் பற்கள் சுறாத் துடுப்புபோல் ஒருபுறம் சாய்ந்து கூராகியிருந்தன.

“செலவு மிச்சம் என்று செயினை மட்டும் மாற்றினேன், சார். நான்கு மாதத்தில் புதுச் செயினும் அறுந்துவிட்டது, ஒரு வார வேலையும் போயிற்று” என்றார்.

எஞ்சினின் ஆற்றலைப் பின்சக்கரத்துக்குக் கடத்துபவை முன்புறச் சிறிய பற்சக்கரம், பின்புறப் பெரிய பற்சக்கரம், இரண்டையும் பிணைக்கும் சங்கிலி ஆகிய மூன்றுமாகும். பணிமனைகளில் இவற்றைச் ‘செயின் ஸ்பிராக்கெட் செட்’ என்பர். சிறியதில் 14 பற்களும் பெரியதில் 42 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பெரியது ஒருமுறை சுழல, சிறியது மூன்றுமுறை சுழலும். 18 அங்குலச் சக்கரமுள்ள சாதாரண வண்டியில் இது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,600 சுழற்சிகள். ஆகவே சிறியதன் ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று மடங்கு உழைப்பு.

இதனாலேயே சிறிய பற்சக்கரத்தை எஃகினால் செய்கின்றனர். பற்களின் மேற்பரப்பை வெப்பத்தால் பதப்படுத்திக் கடினமாக்கி, உட்பகுதியைச் சற்று மென்மையாக விடுவர். முழுவதும் கடினமானால் திடீர் இழுப்பில் பல் உடையும். முழுவதும் மென்மையானால் விரைவில் தேயும். கடினமான மேலடுக்கு தேய்ந்துபோனால், பிறகு தேய்மானம் வேகமெடுக்கும். பந்தய வண்டிகளின் பெரிய பற்சக்கரத்துக்கு அலுமினியக் கலவை பயன்படுகிறது. அதில் எடை குறைவு, ஆயுளும் குறைவு. அன்றாடம் உழைக்கும் வண்டிக்கு எஃகே ஏற்றது.

சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்கிறோம். உண்மையில் கண்ணிகளை இணைக்கும் பின்களும் புஷ்களும் தேய்வதால் கண்ணிகளின் இடைவெளி கூடுகிறது. சிறிய வண்டிகளில் பரவலான 428 வகைச் சங்கிலியில் இந்த இடைவெளி 12.7 மில்லிமீட்டர். அது கூடியதும் உருளைகள் பல்லின் அடியில் அமராமல் மேலேறிப் பல்லைக் கொக்கிபோல் தேய்க்கின்றன. அத்தகைய பல்லில் மாட்டிய புதுச் சங்கிலியும் விரைவில் கெடும். எனவே மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே முறை. ஓட்டத்தில் அறுந்த சங்கிலி பின்சக்கரத்தில் சிக்கினால், உயிருக்கே ஆபத்து.

வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டியவை சிலவே. சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் ஓட்டிய பின்னரும் சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடுங்கள். அதன் தொய்வை வண்டியின் கையேட்டில் உள்ள அளவில் வைத்திருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெரிய பற்சக்கரத்தின் பின்விளிம்பில் சங்கிலியை விரலால் இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரியுமாயின் மாற்றும் காலம் வந்துவிட்டது. உதிரிபாகங்களை ரசீதுடன் வாங்குங்கள்.

அவ்வாடிக்கையாளர் இப்போது தவணையுடன் சிறு தொகையொன்றைத் தொடர் வைப்பிலும் செலுத்தி வருகிறார். அடுத்த செட் அத்தொகையில் வாங்கப்படும். அவர் விட்டுச்சென்ற பற்சக்கரம் என் மேசையில் காகிதங்களின் மேல் பாரமாக இருக்கிறது. வாகனக் கடன் கேட்டு வருவோரிடம் அதை ஒருமுறை கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.