தன் கையே தனக்கு உதவி



செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒருவரிடம், "உங்கள் உடம்பில் எந்த உறுப்பு உங்களுக்குச் சோறு போடுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டுவார். பால்மரம் சீவும் தாய்மாரும் அப்படியே செய்வார்கள். அந்தக் கை ஒரு நாள் அரிவாள் பட்டு வெட்டுண்டால் என்ன ஆகும்? பக்கவாதம் வந்து உடம்பின் ஒரு பாதி செயலற்றுப் போனால் என்ன ஆகும்? மருத்துவர் உயிரைக் காப்பாற்றுவார்; தையல் போடுவார்; மருந்து கொடுப்பார். அதற்குப் பிறகு வீடு திரும்பியவர் சட்டை போடுவது எப்படி? குளிப்பது எப்படி? மீண்டும் வேலைக்குப் போவது எப்படி?

இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதற்கென்றே அரசாங்க மருத்துவமனைகளில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவைப் பற்றியும், அதை வழிநடத்தும் தலைமைச் சிகிச்சையாளரின் பணியைப் பற்றியுமே இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இதனை 'ஆக்குபேஷனல் தெரப்பி' என்பார்கள். மருத்துவமனையில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். 'கெர்ஜா' என்ற சொல்லைக் கண்டதும், இது வேலை வாங்கிக் கொடுக்கும் இடம் என்று நம்மவர்களில் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியன்று. பல் துலக்குவது, தலை வாருவது, சமைப்பது, பேரப்பிள்ளையைத் தூக்குவது, மரம் சீவுவது என்று காலை முதல் இரவு வரை நாம் செய்யும் எல்லாமே இங்கே 'வேலை'தான். அந்தச் செயல்களையே பயிற்சியாகவும் மருந்தாகவும் கொடுப்பதால் இதனைச் செயல்வழிச் சிகிச்சை எனலாம். பக்கத்து அறையில் இருக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் காலுக்கும் கைக்கும் வலுவூட்டி நடக்க வைப்பார். அந்தக் கையையும் காலையும் கொண்டு அன்றாட வாழ்க்கையை நடத்தக் கற்றுக்கொடுப்பவர் செயல்வழிச் சிகிச்சையாளர்.

இந்தத் துறை முதல் உலகப் போர்க் காலத்தில் உருப்பெற்றது. 1917ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் சிலர் கூடி இதற்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். தாமே இடது பக்கம் செயலிழந்து கிடந்து, பிறகு தோட்ட வேலை போன்ற கைவேலைகளைச் செய்து தேறியவர். சும்மா படுத்திருப்பதைவிட ஒரு வேலையைச் செய்வதே மனிதனை விரைவில் எழுப்பும் என்பதை அவர் தம் உடம்பிலேயே கண்டவர்.

இதனை நான் புத்தகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை. என் தாயாரின் நோயினால் அறிந்துகொண்டேன். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர் அவர். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு அவரை நாங்கள் தரையில் கால் வைக்க விடவில்லை. என் மனைவி குளிப்பாட்டினாள். நான் சோறு ஊட்டினேன். வலது கை நன்றாக இருந்தும் ஊட்டினேன். அதுதான் பிள்ளையின் கடமை என்று எண்ணினேன். தானே சாப்பிடட்டும் என்று விட்ட நாளில் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிடுவார். பிடிவாதம் என்று நினைத்து ஓரிரு முறை கடிந்தும் பேசினேன். அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

மறுபரிசோதனைக்குச் சென்றபோது அந்தப் பிரிவின் தலைமைச் சிகிச்சையாளரைச் சந்தித்தோம். அவர் ஒரு மலாய்ப் பெண்மணி. அம்மாவின் முன்னால் ஒரு தட்டில் உணவை வைத்துச் சாப்பிடச் சொன்னார். வழக்கம்போல் பாதி உண்டு கையை எடுத்துக்கொண்டார் அம்மா. அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தார். அம்மா மீதியையும் உண்டு முடித்தார்! "சிக்கு, உங்கள் தாயாருக்குப் பசி இல்லாமல் இல்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் இடது பக்கம் இருப்பது அவர் கவனத்துக்கு வருவதில்லை" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன்.

பிறகு யார் ஊட்டுகிறார்கள் என்று கேட்டார். நான் பெருமையோடு, "நான்தான்" என்றேன். "உங்கள் மாணவன் எழுதப் பழகும்போது அவனுடைய நோட்டில் நீங்களே எழுதிக் கொடுப்பீர்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த பாடத்தை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டார்.

அடுத்து அம்மாவிடம், "மாக்சிக், எந்த வேலையை நீங்களாகவே செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்றார். நடக்க வேண்டும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அம்மாவோ, "காலையில் நானே தேத்தண்ணி கலக்கிக் குடிக்கணும்" என்றார். அன்றிலிருந்து அந்தத் தேநீரே அவருக்குச் சிகிச்சையாயிற்று. பயிற்சி அறையில் அடுப்பும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. குவளை வழுக்காமல் இருக்க அதனடியில் ஈரத்துணி விரிப்பதும், இடது பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்ப்பதும், அடுப்பை அணைத்தோமா என்று சரிபார்ப்பதும் அங்கே பழக்கினார்கள். சட்டை போடும்போது முடங்கிய கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்று எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள்மூட்டு கெட்டுவிடும் என்று எச்சரித்தார்கள்.

இனி, தலைமைச் சிகிச்சையாளர் செய்வது என்ன என்று பார்ப்போம். மருத்துவர்கள் அனுப்பும் நோயாளிகளுள் யாரை முதலில் பார்ப்பது, யாரை எந்தச் சிகிச்சையாளரிடம் ஒப்படைப்பது என்பதை முடிவு செய்பவர் அவர். சிக்கலான நோயாளிகளைத் தாமே கவனிப்பார். புதிதாய் வேலைக்கு வந்தவர்களுக்கு அருகில் நின்று வழிகாட்டுவார். நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் மருத்துவர், தாதியர், சமூகநல அதிகாரி ஆகியோருடன் அமர்ந்து, "இவர் வீட்டில் சமாளிப்பாரா?" என்று கேட்பதும் அவருடைய பொறுப்பே. எங்கள் வீட்டுக்கு ஓர் இளம் சிகிச்சையாளரையும் அழைத்துக்கொண்டு அவர் நேரில் வந்தார். குளியலறை வாசற்படியின் உயரத்தையும், தண்ணீர்த் தோம்பு இருக்கும் இடத்தையும் அளந்தார். "நோயாளியை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்; வீட்டையும் பார்க்க வேண்டும்" என்று அந்த இளைஞரிடம் சொன்னார். சுவரில் ஒரு கைப்பிடி, குளிப்பதற்கு ஒரு நாற்காலி, இவ்வளவே அவர் செய்யச் சொன்னது.

கையில் வெட்டுப்பட்டவர்களுக்கு இந்தச் சிகிச்சை இன்னும் அவசரமானது. விரலை மடக்கும் தசைநாண் அறுந்து தைக்கப்பட்டால், வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டைக் கையின் அளவுக்கு வளைத்து ஓர் உறை செய்து போடுவார்கள். பொதுவாக ஆறு வாரம் வரை அதை அணிய வேண்டியிருக்கும். பளுவான வேலைக்கு ஏறக்குறைய மூன்று மாதம் பொறுக்க வேண்டும். "காயம் ஆறிவிட்டதே" என்று இடையில் குலை வெட்டப் போனால், தைத்த இடம் மீண்டும் அறுந்துவிடும். பயந்துகொண்டு அசைக்காமலே வைத்திருந்தாலோ, தசைநாண் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமல் போய்விடும். எப்போது எவ்வளவு அசைப்பது என்பதைச் சொல்லத்தான் வாரந்தோறும் வரச் சொல்கிறார்கள். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று அந்தத் தவணையைத் தவறவிட்டால், ஆயுள் முழுவதற்குமான சம்பளம் போய்விடக்கூடும்.

வேலையில் விபத்து நேர்ந்தவர்கள் சொக்சோவை மறந்துவிடக்கூடாது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தப் பாதுகாப்புத் திட்டம், 2007 முதல் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தையும் நடத்துகிறது. 2014இல் மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையம் ஒன்றும் செயல்படத் தொடங்கியது. சிகிச்சையாளர் எழுதித் தரும் அறிக்கை இதற்கெல்லாம் உதவும். 'கைவிரல்தானே' என்று எண்ணி விபத்தைப் பதிவு செய்யாமல் விட்டால், பிறகு ஆதாரம் தேடி அலைய நேரும்.

வெளியில் தனியாரிடம் சிகிச்சை பெறுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2020 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், செயல்வழிச் சிகிச்சையாளர்களையும் உட்படுத்துகிறது. ஆகவே, சிகிச்சை அளிப்பவர் முறையாகப் பதிந்தவர்தானா என்று கேட்பதில் தவறில்லை.

நேயர்களே, குடும்பத்தார் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, சிகிச்சைக்குப் போகும்போது நோயாளியை வீட்டில் கவனிப்பவரே உடன் செல்ல வேண்டும். இரண்டாவது, வீட்டு நிலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கழிவறை வெளியே இருக்கிறது, பகலில் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்வதில் வெட்கம் எதற்கு? உண்மை தெரிந்தால்தான் அவர்களால் வழி சொல்ல முடியும். மூன்றாவது, அவர்கள் செய்யச் சொன்னதை நோயாளியே செய்யும்வரை நாம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இதுதான் மூன்றிலும் கடினமானது. ஒரு பொத்தானைப் போட அவர் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும்போது நம் கை தானாகவே நீளும். அந்தக் கையைச் சற்று மடக்கிக்கொள்ளுங்கள்.

என் தாயாரின் இடது கை முழுமையாகக் குணமாகிவிடவில்லை. ஆனால், மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்குப் புறப்படும்போது, மேசை மீது இரண்டு குவளை தேநீர் இருந்தது. ஒன்று அவருக்கு, மற்றொன்று எனக்கு. சர்க்கரை சற்று அதிகம்தான். ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனேன்.

தன் கையே தனக்கு உதவி என்று நம் முன்னோர் சொன்னார்கள். நோயுற்றவருக்கும் அந்த உதவி கிடைக்க வழிவிடுவோம்.