டாலர் ஏறினால் சாம்பார் ஏன் நீர்த்துப்போகிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் விடிந்ததும் ஷூ கம்பெனி பேருந்துகள் வந்து நிற்கின்றன. அவற்றில் ஏறிப் போகும் பெண்கள் தைக்கும் காலணிகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகின்றன. விலை பேசப்படுவது டாலரிலும் யூரோவிலும். அப்படியானால் ரூபாயின் மதிப்பு சரிவது இந்த வட்டாரத்துக்கு நல்லதுதானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஜோடி 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 80 ரூபாயாக இருந்தால் 1,200 ரூபாய் வரும்; 90 ஆனால் 1,350. கூடுதலாக வரும் 150 ரூபாயும் அப்படியே கையில் நிற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கும் சோல், ரசாயனம், சாயம் எல்லாம் விலை ஏறும். ரூபாய் இறங்கியதைக் காட்டி, வாங்குபவரும் விலையைக் குறைக்கச் சொல்வார். எஞ்சியது முதலாளியின் கணக்கில் சேரும். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவரின் சம்பளம் அதனால் தானாக உயர்வதில்லை.

இனி மளிகைக் கடைக்கு வருவோம். இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைனிலிருந்தும் வருகின்றன. ஒரு டன் பாமாயில் 1,000 டாலர் என்று கொண்டால், டாலர் 80-லிருந்து 90-க்குப் போகும்போது கிலோவுக்கு 10 ரூபாய் கூடிவிடும். சுங்க வரி சதவீதக் கணக்கில் விதிக்கப்படுவதால் அதுவும் சேர்ந்து ஏறும். அந்த வரிக்கு அடிப்படையான இறக்குமதி மதிப்பை மத்திய அரசு 15 நாளுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. பாமாயில் ஏறினால் உள்ளூர்ச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்க்கும் கிராக்கி கூடும். துவரம்பருப்போ மியான்மர், மொசாம்பிக், தான்சானியாவிலிருந்தும் வரவேண்டியிருக்கிறது.

வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுச் செலவின் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-லேயே காட்டினார். 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமக் குடும்பச் செலவில் சுமார் 46 சதவீதம் உணவுக்கே போகிறது; நகரத்தில் 39. ஆகவே ஒரே விலையேற்றம் கிராமத்து வீட்டை அதிகம் அழுத்துகிறது. எண்ணெய் ஏறினால் அப்பளம் பொரிப்பது நிற்கும். பருப்பு ஏறினால் சாம்பாரில் தண்ணீர் கூடும். குழந்தைகளுக்குக் கிடைக்கும் புரதமும் குறைகிறது.

சம்பளம் இந்த வேகத்தில் ஓடுவதில்லை. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு தரும் பஞ்சப்படி, வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 1-ல்தான் மாறுகிறது. முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சென்னை விலைவாசிக் குறியீட்டின் சராசரியே அதற்கு அடிப்படை. ஒரு ஜனவரியில் ஏறிய எண்ணெய் விலைக்கு ஈடு கிடைக்க 15 மாதம் ஆகலாம். துறைமுகத்தில் 15 நாள், சம்பளத்தில் 15 மாதம்! இந்த இடைவெளியைத்தான் பெண்கள் கடைக்காரரின் கடன் நோட்டிலும் நகை அடகிலும் நிரப்புகிறார்கள்.

இதில் தாங்கிப் பிடிப்பது ரேஷன் கடை. 2011 முதல் விலையில்லா அரிசி, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில், கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு. டாலர் எங்கே போனாலும் இந்த விலை அசைவதில்லை. வித்தியாசத்தை அரசு ஏற்கிறது. ஆனால் ஒரு அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர், ஒரு கிலோ என்ற அளவு பெரிய குடும்பத்துக்குப் போதாது.

மத்திய அரசின் வரம்புக்குள் வரும் வேலைகளுக்குப் பஞ்சப்படி ஏப்ரல், அக்டோபர் என்று ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. அதையே ஆம்பூர் தொழிலாளிக்கும் செய்யலாம். கிராமத்தில் வாழ்பவருக்குச் சென்னைக் குறியீட்டுக்குப் பதில் கிராமக் குறியீட்டையே பார்க்கலாம். டாலர் சம்பாதித்துத் தரும் கைகளுக்கு, டாலரால் ஏறும் விலைக்கான ஈடும் காலத்தில் கிடைக்க வேண்டும்.