சவலை

என் மகளுக்கு இஃது ஏழாம் மாதம். பிறக்கப்போவது தங்கையே என்று மூத்த பேர்த்தி தீர்ப்புக் கூறிவிட்டாள். ஒன்றரை வயதுப் பேரனோ பால் மறப்பிக்கப்பெற்று, தாய்மடியிலும் இடங்குறைந்து, சோற்றைத் துப்பிச் சிணுங்குகின்றான். இத்தகைய குழந்தையைச் சவலை என்பர் தமிழர். யாப்பிலக்கணத்தாரும் இரண்டாமடியில் தனிச்சொல் இழந்த வெண்பாவைச் சவலை வெண்பா என்றனர். பிள்ளை வளர்த்த புலவர் ஒருவரே அப்பெயரை இட்டிருத்தல் வேண்டும்! மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1935இல் 'குவாஷியோர்க்கர்' என்று அறிமுகஞ்செய்த ஊட்டக்குறை நோயின் பெயரும், கானா நாட்டுக் கா மொழியில், அடுத்த பிள்ளையின் வரவால் இடமிழந்த குழவியின் நோயையே குறிக்கும். ஆதலின் பருப்பும் முட்டையும் பிசைந்து ஊட்டும் பணியை நானே ஏற்றுள்ளேன். மூன்று கவளம் வரை 'அப்பு' என்கின்றான். நான்காவதில் அம்மாவைத் தேடுகின்றான்.