வராத வாத்தியாருக்குப் பதில் யார்?

1980களில் ராஜஸ்தானின் தொலைதூரக் கிராமங்களில் பலவற்றுக்கு ஒரே ஆசிரியர்தான். அவர் வராவிட்டால் பள்ளிக்குப் பூட்டு. நகரத்திலிருந்து மாற்று ஆள் அனுப்பினால் அவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

1987இல் சுவீடன் நிதியுதவியுடன் மாநில அரசு தொடங்கிய 'சிக்ஷா கர்மி' திட்டம் வேறு வழி தேடியது. உள்ளூர்க்காரர்களே ஆசிரியர்கள். ஆண்களுக்கு எட்டாம் வகுப்பு, பெண்களுக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும்; மீதியைப் பயிற்சி பார்த்துக்கொண்டது. பகலில் ஆடு மேய்க்கப் போகும் பிள்ளைகளுக்குத் தோதான நேரத்தில் தனி வகுப்புகள்.

பள்ளிகள் திறந்தன. ஆனால் சிக்ஷா கர்மிகளுக்குக் கிடைத்தது சம்பளம் அல்ல, சொற்ப மதிப்பூதியம். வராதவருக்கு முழுச் சம்பளம், தினமும் வந்தவருக்குச் சில்லறை. அந்தக் கணக்கை மட்டும் திட்டம் நேர்செய்யவில்லை.