கடல் கடக்கும் கலியாணமும் சட்டத்தரணியும்

மன்னாருக்குத் தெற்கே, சிலாவத்துறையையும் தாண்டி, வில்பத்துக் காட்டின் வட எல்லையை அணுகுமிடத்தில் மறிச்சுக்கட்டி இருக்கின்றது. இன்று அது அமைதியானதொரு கரையோரக் கிராமம். ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையிலே ஒரு நகரமே முளைத்து மறைந்ததுண்டு. முத்துக்குளிப்புக் காலம் வந்துவிட்டால் கீழக்கரையிலிருந்தும் பிற தென்னிந்தியத் துறைகளிலிருந்தும் தோணிகள் வந்து குவியும். அரபு நாட்டுச் சுழியோடிகளும் வந்து சேர்வர். 1906ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது இங்கே கடமையாற்றிய லெனாட் வூல்ப் என்னும் இளம் ஆங்கில உத்தியோகத்தர் பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர் பெற்றார். கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியிராத காலம் அது. கடல் கடந்து பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் இரு குடும்பங்களின் சம்மதத்தோடு முடிந்துவிடும் காரியங்களாக இருந்தன.

இன்றோ அப்படியில்லை. மாப்பிள்ளை ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பாராயின், நிக்காஹ் முடிந்தபின்னரும் மணமகள் பிறந்த வீட்டிலேயே காத்திருக்கின்றாள். ஓராண்டு கழியலாம், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மூன்றாண்டும் கழியலாம். அப்போதுதான் வீட்டிலே பேச்சு எழுகின்றது: "ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கலாமே!" பிடித்திருக்கலாம்தான். ஆனால் எந்தச் சட்டத்தரணியை, எதற்காக, எப்போது என்பதே கேள்வி.

விவாகத்தினிடையே கடதாசி நுழைந்த கதை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டிலே பிரசாவுரிமைச் சட்டமும் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் பிறந்தன. அடுத்த ஆண்டு இந்திய, பாக்கிஸ்தானிய வாசிகளின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்கீழ் விண்ணப்பிக்கும் கணவன், தான் இத்தனை ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபித்தால் மட்டும் போதாது; தன் மனைவியும் விவாகத்தின் முதலாண்டு நிறைவுக்குள் இங்கு வந்து, அன்று முதல் இடைவிடாது வசித்தவள் என்று காட்ட வேண்டியிருந்தது. பன்னிரண்டு மாதத்தை விஞ்சிய பயணம் 'இடையீடு' ஆயிற்று. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு சென்ற மனைவி அங்கே சற்றுக் கூடுதலாகத் தங்கிவிட்ட ஒரு காரணமே குடும்பம் முழுவதின் உரிமையையும் தட்டிப்பறிக்கப் போதுமானதாக இருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயரால் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றுட் பெரும்பகுதி நிராகரிக்கப்பட்டது. பெட்டிசம் எழுதுவோரிடம் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் பலர். ஆனால் தேதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, "இவ்விடத்தில் இடறுவாய்" என்று முன்கூட்டியே சொல்வதற்கு ஆள் வேண்டியிருந்தது. சட்டத்தரணியின் உண்மையான வேலை அன்றும் அதுதான், இன்றும் அதுதான். படிவம் நிரப்புவதை எழுத்தறிந்த எவரும் செய்யலாம்.

(அந்நாளில் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் இருவகையார் இருந்தனர். 1974ஆம் ஆண்டு முதல் இரு வகையும் ஒன்றாகிச் 'சட்டத்தரணி' என்ற ஒரே பெயர் நிலவுகின்றது. பெரியவர்கள் சிலர் இன்னும் பழைய பெயரைச் சொல்வதில் ஓர் அழகு இருக்கிறது.)

இனி, மறிச்சுக்கட்டிப் பெண்ணொருத்தியை எண்ணிக்கொள்வோம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவளுடைய உம்மாவும் வாப்பாவும் உடுத்த உடையோடு புத்தளத்துக்குப் போனவர்கள். அவள் பிறந்தது புத்தளத்தில். யுத்தம் 2009இல் முடிந்தபின் குடும்பம் ஊர் திரும்பியது. நிக்காஹ் ஊரிலே நடந்தது. ஆகவே உம்மாவின் பிறப்பு மன்னார்ப் பதிவிலும், மகளின் பிறப்பு புத்தளப் பதிவிலும், விவாகம் மீண்டும் மன்னார்ப் பதிவிலும் இருக்கின்றன. வாப்பாவின் பெயர் ஒன்றில் 'முகம்மது' என்றும், இன்னொன்றில் 'முஹம்மத்' என்றும், அடையாள அட்டையில் 'மொஹமட்' என்றும் இருக்கும். நமக்கு இவர் ஒருவரே. வெளிநாட்டு விசா உத்தியோகத்தர் கண்ணுக்கோ மூவர்!

இதற்குச் சட்டத்தரணியிடம் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. பிறப்புப் பதிவிலுள்ள பிழையைத் திருத்துதற்குப் பிரதேச செயலகத்திலே மேலதிக மாவட்டப் பதிவாளர் இருக்கின்றார். திருத்த முடியாத வேறுபாட்டுக்கு, இப்பெயர்கள் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்கலாம். விண்ணப்பத்தை அனுப்புமுன் செய்தால் இது சில வாரத்து வேலை. அனுப்பியபின் கேள்வி வந்து செய்தாலோ, சந்தேகம் ஏற்கெனவே விழுந்துவிட்டது.

ஆனால் விவாகப் பதிவு அவ்வளவு இலேசான சங்கதியன்று. நம் முஸ்லிம் குடும்பங்கள் இதனை ஊன்றி வாசிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யாத காரணத்தால் மட்டும் நிக்காஹ் செல்லாததாகிவிடாது. இதைக் கேள்விப்பட்டவர்கள் "பிறகு பதிந்துகொள்ளலாம்" என்று இருந்துவிடுகின்றனர். அதே சட்டம் மணமகன், வலீ, நிக்காஹை நடத்தி வைத்தவர் ஆகிய மூவர்மீதும் பதிவுக் கடமையைச் சுமத்துவதை மறந்துவிடுகின்றனர். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உத்தியோகத்தருக்கு மார்க்கச் செல்லுபடியைப் பற்றித் தெரியாது. அவர் தேடுவது அத்தாட்சிப்பத்திரத்தை.

அத்தாட்சிப்பத்திரம் கிடைத்த பின்னரும் ஒரு புதிர் எஞ்சுகின்றது. இச்சட்டம் இயற்றப்பட்டபோது பதிவேட்டில் மணமகளின் கையெழுத்துக்கென இடம் ஒதுக்கப்படவில்லை. அவளுக்காகக் கையெழுத்திடுபவர் வலீ. இதனை மாற்ற வேண்டுமென்று முஸ்லிம் பெண்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். அவர்களுடைய கோரிக்கையில் நியாயம் உண்டென்பது எமது கருத்து. விசா விஷயத்தில் இக்குறை எங்ஙனம் வந்து இடிக்கின்றது என்பதைக் கவனியுங்கள். சட்டத்தரணிக்கும் பெண்ணின் தகப்பனாருக்கும் நடக்கக்கூடிய உரையாடல் ஒன்று:

"காக்கா, நிக்காஹ் நடந்த நேரம் மகள் எங்கே இருந்தா?"

"வேறு எங்கே, சேர்? ஊட்டுக்குள்ளேதான். நாங்க ஆம்பிளைகள் பள்ளிவாசல்ல."

"மாப்பிள்ளை?"

"அவர் எங்களோடதான், பள்ளியில இருந்தார்."

"மகள்ட சம்மதத்தை யார் கேட்டது?"

"நான்தான் கேட்டேன், இரண்டு சாட்சியோட. அவ தலையை ஆட்டினா."

நம் ஊரில் இதில் ஒரு கேள்வியுமில்லை. ஆனால் கனடாவிலே, 2015ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி முதல், விவாகச் சடங்கின்போது தம்பதிகளில் ஒருவரோ இருவருமோ நேரில் இல்லாதிருந்தால், குடிவரவு நோக்கத்துக்கு அந்த விவாகம் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. தொலைபேசி நிக்காஹும் பிரதிநிதி மூலம் செய்யும் நிக்காஹும் இவ்விதியில் அடிபட்டுப் போகும். பெண் வீட்டினுள்ளும் ஆண்கள் பள்ளியிலும் இருந்த நிக்காஹ் பற்றியும் கேள்வி எழக்கூடும். அமெரிக்காவிலோ, ஒருவர் இல்லாமல் நடந்த விவாகம், தம்பதிகள் பின்னர் கூடி வாழ்ந்தாலன்றி ஏற்கப்படாது. இங்கிலாந்தின் போக்கு வேறு. விவாகம் எந்நாட்டில் நடந்ததோ அந்நாட்டின் சட்டம் பிரதிநிதி விவாகத்தை ஏற்குமாயின் தாமும் ஏற்போம் என்று, ஆர்ஜென்டீனாவில் நடந்த விவாகமொன்றைப் பற்றி அந்நாட்டு நீதிமன்றம் 1940களின் பிற்பகுதியிலேயே தீர்த்துவிட்டது. ஒரே நிக்காஹ், ஒரே பதிவு. ஒரு நகரில் செல்லும், மற்றொரு நகரில் விசாரணைக்குள்ளாகும். "நல்லதொரு சட்டத்தரணி" என்று பொதுப்படச் சொல்வதிற் பயனில்லை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

இரண்டு சட்டத்தரணிகளுக்கு இரண்டு வேலை உண்டு. மன்னார்ச் சட்டத்தரணி கனேடியச் சட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல முற்படலாகாது. அவர் சொல்ல வேண்டியது இலங்கைச் சட்டம் யாது என்பதை. ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த பெண்ணின் விவாகத்திலே, வலீ அந்த இடத்திலேயே இருந்து, அவளுடைய சம்மதத்தையும் தம்முடைய சம்மதத்தையும் தெரிவிக்க வேண்டுமென்று 1951ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகின்றது. வலீயின் கையெழுத்து பெண்ணின் சம்மதத்தை மறைக்கும் திரையன்று, அதனைத் தெரிவிக்கும் வழி என்பதை அவர் அபிப்பிராயக் கடிதமாக எழுதி, பெண்ணினதும் சாட்சிகளினதும் சத்தியக் கடதாசிகளை இணைத்துக் கொடுத்தால், வெளிநாட்டிலிருந்து வழக்கை நடத்துபவருக்கு அதுவே ஊன்றுகோல். அந்த வெளிநாட்டு ஆளுக்கு மறிச்சுக்கட்டியின் வழக்கங்கள் தெரிய நியாயமில்லை. இருவரும் ஒருவரோடொருவர் எழுதிக்கொள்ளுமாறு செய்வது குடும்பத்தின் பொறுப்பு.

வெளிநாட்டிலே யாரை அமர்த்துவது? கனடாவில் கூலி பெற்று இவ்வேலை செய்வதற்குச் சட்டச் சங்கங்களில் அங்கம் பெற்றோருக்கும், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்களுக்குமே பொதுவாக அனுமதி உண்டு. அவ்வாலோசகர்களை மேற்பார்வை செய்ய 2021இல் தனியொரு கல்லூரியே நிறுவப்பட்டது. பிரித்தானியாவில் தகுதியற்றவர் குடிவரவு ஆலோசனை கூறுவது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். இருநாட்டிலும் பெயர்ப் பட்டியல்கள் பகிரங்கமானவை. மாப்பிள்ளை தாமே பார்த்துக்கொள்ளலாம். கொழும்பிலும் புத்தளத்திலும் "விசா எடுத்துத் தருவது என் பொறுப்பு" என்று முற்பணம் வாங்கும் தரகர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது. விசா வழங்குவது அரசாங்கம். அதனை வாக்களிக்க எந்தச் சட்டத்தரணிக்கும் இயலாது. வாக்களிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

சில தடைகள் எவராலும் நீக்க முடியாதவை. பிரித்தானியாவில் மனைவியை அழைப்பவருக்கு வேண்டிய ஆண்டு வருமானம் 2012இல் 18,600 பவுண் என்று விதிக்கப்பட்டது; 2024 ஏப்ரலில் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. இல்லாத வருமானத்தைச் சட்டத்தரணி உண்டாக்க மாட்டார். 18 வயது நிரம்பாத மணமகளுக்கு இரு நாடுகளிலும் மனைவி விசா கிடையாது. சம்பந்தம் பேசுமுன்னரே இவற்றைச் சொல்லிவிடுபவர் தம் கூலியைச் சம்பாதித்துவிட்டார் என்க.

வேறு சில தடைகள் நாமே கட்டிக்கொள்பவை. கனடாவில் நிரந்தர வதிவிடம் பெறும்போது, காரியம் எளிதாகட்டும் என்று, ஊரில் மனைவி இருப்பதை மறைத்து 'விவாகமாகாதவர்' என எழுதியவர் பலர். அவ்வாறு மறைக்கப்பட்ட மனைவியைப் பின்னர் அழைக்க அந்நாட்டு விதி தடை செய்தது. 2019இல் வந்த ஒரு சலுகை சிலருக்கு வழி திறந்ததேயன்றி எல்லோருக்கும் அல்ல. பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் கனடாவில் ஐந்தாண்டுத் தடை, பிரித்தானியாவில் பத்தாண்டு. தரகர் எழுதிய பொய்யாயினும் கையெழுத்திட்டவரே பொறுப்பாளி. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் நம்மவரின் தாராளத்தை என்னென்பது!

விவாகம் மெய்யானதுதானா என்ற ஐயத்துக்கும் பழைய வரலாறு உண்டு. விவாகத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றமன்று என்று மணமக்களே நிரூபிக்க வேண்டுமென்ற விதி பிரித்தானியாவில் 1997 வரை நிலவியது. தென்னாசிய மாப்பிள்ளைமார் பலரை அது வாட்டியது. கணவரை அழைக்க முடியாத மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று, 1985ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி, பால் வேற்றுமை காட்டப்பட்டதென்ற தீர்ப்பைப் பெற்றனர். அப்துல்அசீஸ், கபாலஸ், பல்கந்தலி ஆகியோரின் வழக்கு அது. அரசாங்கம் என்ன செய்தது? கணவருக்கு வழியைத் தளர்த்துவதற்குப் பதிலாக, மனைவியருக்கும் அதே கடுமையை விதித்துச் சமத்துவத்தை நிலைநாட்டியது! வழக்கில் வெல்வதும் வீட்டுக்கு ஆள் வந்து சேர்வதும் ஒன்றல்ல.

எதிர்த்திசையில், இந்தியாவிலிருந்து மணமகனோ மணமகளோ இங்கு வருவதாயின் காரியம் ஓரளவு எளிது. வதிவிட விசா பெற்று, ஓராண்டு தொடர்ந்து வாழ்ந்தபின், இலங்கைப் பிரசையின் வாழ்க்கைத்துணை என்ற முறையில் பிரசாவுரிமைப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குமுன் பிள்ளையின் வம்சாவழிப் பிரசாவுரிமை தகப்பன் வழியாக மட்டுமே வந்தது. இப்போது தாய் வழியாகவும் வரும். இந்தியச் சட்டமோ வாழ்க்கைத்துணையிடம் ஏழாண்டு வதிவைக் கேட்கின்றது. அன்றியும், தோணியேறிக் கடதாசியின்றி அக்கரை சென்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வகுப்பில் விழுவாராயின் அவ்வழி அடைபடும். 2004 டிசெம்பர் 3ஆம் தேதிக்குப்பின் அங்கு பிறந்த அவர் பிள்ளைக்கும், மற்றப் பெற்றார் இந்தியராயினும், பிறப்பால் உரிமை இல்லை. மண்டபம் முதலிய முகாம்களில் உறவினரைக் கொண்ட மன்னார்க் குடும்பங்கள் கலியாணம் பேசுமுன் இத்தேதியைக் கேட்டறிய வேண்டும்.

மாப்பிள்ளைக்கு லீவு பெரும்பாலும் மூன்று கிழமை. அவர் விமானமேறுமுன் சட்டத்தரணியைக் கண்டிருந்தால், நிக்காஹை எங்கே வைப்பது, மணமகள் எங்கே இருப்பது என்பதும் தீர்மானமாகியிருக்கும். அன்றே பதிந்து, பதிவின் உறுதிப்படுத்திய பிரதிகள் நான்கைந்து எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கி, ஒரு கட்டை மாப்பிள்ளையின் பெட்டியில் வைத்துவிடலாம். கூலி எவ்வளவு, அது எவ்வேலைகளுக்கு, நிராகரிப்பு வந்தால் மேன்முறையீடும் அதில் அடங்குமா என்பவற்றை எழுத்தில் வாங்கி, கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டும் பெறுக. மூலப் பத்திரங்களைச் சட்டத்தரணியிடம் விட்டு வரவேண்டாம். காட்டிவிட்டு, பிரதியைக் கொடுத்து, மூலத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். 1990இல் அவற்றை இழந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.