கடலுக்குள் 'ஐயோ' என்று கத்த முடியுமா?

கால் இடறினால் 'ஐயோ'. பஸ்ஸைத் தவறவிட்டால் 'ஐயோ'. பக்கத்து வீட்டுக் குழந்தை சிரித்தால், 'ஐயோ, எவ்வளவு அழகு!' யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிடும் இந்தச் சொல், 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் இடம்பிடித்தது.

'வீட்டுல ஐயோன்னு சொல்லாதே' என்று பெரியவர்கள் அதட்டுவதுண்டு. ஐயோ என்பது எமனின் மனைவி பெயர் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால், ராமனின் அழகைப் பார்த்து வியக்கும் இடத்தில் கம்பரே 'ஐயோ' என்கிறார். துக்கம், இரக்கம், வியப்பு மூன்றுக்கும் இந்த ஒரே சொல்தான். எது என்பதைக் குரல்தான் சொல்லும்.

'யம்மா', 'யப்பா', 'ஆத்தாடி' என்று நாம் அலறும் மற்ற சொற்களைக் கவனியுங்கள். எல்லாமே உறவுகளைக் கூப்பிடும் சொற்கள். ஆபத்தில் அலறுவது, யாராவது ஓடி வரத்தானே!

கயிறே குரல்

தண்ணீருக்கு அடியில் அலற முடியாது. தூத்துக்குடி முத்துக்குளிப்பாளர்கள் கல் கட்டிய கயிற்றின் உதவியோடு, மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கினார்கள். கயிற்றைச் சுண்டினால், படகில் இருப்பவர் மேலே இழுக்க வேண்டும். அந்த ஒரு சுண்டல்தான் அவர்களின் 'ஐயோ'. கயிற்றை மச்சானிடம் கொடுப்பதே வழக்கம் என்பார்கள். தங்கையின் தாலி அவர் கையில் பத்திரமாக இருக்குமாம்! 1961-உடன் இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோனது.

மூன்று முறை சொல்லுங்கள்

இன்றைய விசைப்படகிலும் இன்ஜின் சத்தமும் காற்றும் அலறலை விழுங்கிவிடும். அதனால் வி.ஹெச்.எஃப் வயர்லெஸ்ஸில், 16-ம் சேனலில் 'மேடே, மேடே, மேடே' என்று அழைக்க வேண்டும். 'எனக்கு உதவுங்கள்' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த அழைப்பு இது.

ஏன் மூன்று முறை? இரைச்சலில் வேறு சொல்லாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. பயத்தில் நாமும் 'பாம்பு, பாம்பு' என்றுதானே கத்துகிறோம்! பள்ளியில் படித்த அடுக்குத்தொடரேதான்.

அலறினால் மட்டும் போதாது. படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்பதையும் சொல்ல வேண்டும். கரையில் இருப்பவர்கள், கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். கடலோரக் குடும்பங்கள் ஒவ்வொருவரின் போனிலும் இருக்க வேண்டிய எண் இது.