மருந்து டப்பா காலியானால்...

எச்.ஐ.வி. என்றால் ஒரு காலத்தில் மக்கள் நடுங்கினார்கள். அந்தக் கிருமி பிடித்தால் சாவுதான் என்ற நிலை இருந்தது.

இன்று அப்படி இல்லை. பலருக்குத் தினம் ஒரு மாத்திரை போதும். வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்து கொள்ளலாம், பிள்ளைகுட்டிகளோடு நெடுநாள் வாழலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஆயுள் முழுவதும் மாத்திரையை நிறுத்தக்கூடாது!

ஏன் நிறுத்தக்கூடாது?

மாத்திரை கிருமியை அடியோடு அழிப்பது இல்லை. அடக்கி வைக்கிறது. மிச்சக் கிருமி உடலுக்குள் பதுங்கிக் கிடக்கும். மருந்து நின்றால், சில வாரங்களிலேயே மறுபடியும் பெருகிவிடும்.

விட்டு விட்டுச் சாப்பிட்டால் இன்னொரு ஆபத்து. அரைகுறை மருந்துக்குக் கிருமி பழகிப் போகும். பிறகு அதே மாத்திரையைச் சாப்பிட்டாலும் பலன் இராது. வேறு மருந்துக்கு மாற வேண்டும். அதற்குச் செலவு அதிகம்.

குடும்பத்துக்கும் இது முக்கியம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையில் இருப்பவரிடம் இருந்து, தாம்பத்திய உறவால் நோய் தொற்றாது. மருந்து நின்றால் அந்தக் காவலும் போய்விடும்.

டெல்லியில் 42 நாள்

இந்தியாவில் 2004-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி இலவச மருந்து வழங்கத் தொடங்கினார்கள். முதலில் தொடங்கிய 8 ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று.

2022-ம் ஆண்டு சில இடங்களில் மருந்து தட்டுப்பட்டது. ஒரு மாத மருந்து வாங்கப் போனவர்களுக்குச் சில நாள் மருந்துதான் கிடைத்தது. ஜூலை 21-ந்தேதி டெல்லியில், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகம் முன்பு நோயாளிகள் உட்கார்ந்துவிட்டார்கள். போராட்டம் 42 நாள் நீடித்தது. "நாடு தழுவிய தட்டுப்பாடு இல்லை" என்று சர்க்கார் கூறியது.

நாடு முழுவதும் இருப்பு இருக்கலாம். நோயாளியின் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போனால் கூலி போகும். "ஏன் இத்தனை தடவை போகிறாய்?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். நோயை மறைத்து வாழ்பவர் என்ன பதில் சொல்வார்?

உலகுக்கே மருந்து தரும் நாடு

இதில் ஒரு வேடிக்கை. பல ஏழை நாடுகளுக்கு இந்த மருந்து போவது இந்தியாவில் இருந்துதான்! 2001-ம் ஆண்டில், வருடத்துக்கு 10 ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற மருந்தை, 350 டாலருக்குத் தருவதாக பம்பாய் சிப்லா கம்பெனி அறிவித்தது. அந்த நாட்டில் டப்பா காலியாகலாமா?

என்ன செய்வது?

மாத்திரை தீரும் வரை காத்திருக்காதீர்கள். முன்கூட்டியே சிகிச்சை மையத்துக்குப் போங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் மருந்தை மாற்றாதீர்கள். விவரம் கேட்க 1097 என்ற இலவச டெலிபோன் எண் இருக்கிறது.

வீட்டில் அரிசி தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கலாம். இந்த மாத்திரையை அப்படி வாங்க முடியாது. அது வர வேண்டிய நாளில் வந்தே தீர வேண்டும்!